காட்ட வேண்டாம்: ஆம்

நிறுவி முடிந்தது என்றது கறுப்புத் திரை.
பிழை இல்லை, எச்சரிக்கை இல்லை.
நூற்று நாற்பத்தொரு மெகாபைட்
எங்கேயோ போய் உட்கார்ந்துவிட்டது.

செயலி மேலாளரைத் திறந்தேன்.
பெயரின் முதல் மூன்றெழுத்தைத் தட்டியதும்
சீட்டாட்டம் ஒன்று வந்தது,
குழந்தைகள் பல் துலக்க ஒரு கடிகாரம் வந்தது,
இது வரவில்லை.
முழுப்பெயரையும் தட்டினேன்.
சீட்டாட்டமும் போய்விட்டது.

செப்டம்பர் கடைசி. ஹீயுமா தீவின் மேற்கு முனை.
வலை கட்டிப் பறவைக்கு வளையம் போடும்
ஒற்றை அறை நிலையம்.
ஏதோ அலுவலகம் கழித்துக் கட்டிய மடிக்கணினி,
அதற்குள் லினக்ஸ்,
அதன் எழுத்துக்கட்டை இடுக்கில் கம்புரொட்டித் துகள்.
கூரைமேல் ஒரு பிளாஸ்டிக் வாளி,
வாளிக்குள் ஒலிவாங்கி:
இருட்டில் தெற்கே போகிறவை
போகிற போக்கில் உதிர்க்கும் ஒற்றைக் குரலுக்காக.
குரலைப் பெயராக்கத்தான் இந்த மென்பொருள்.

புதுப்பித்தேன். வெளியேறி உள்ளே வந்தேன்.
அணைத்துப் போட்டேன்.
அது அணைந்து எழும் நேரத்தில்
ஒரு கெட்டில் தண்ணீர் கொதித்து ஆறியது.
'நிறுவப்பட்டவை' பக்கத்தை
மேலிருந்து கீழ், கீழிருந்து மேல்,
வாக்காளர் பட்டியலில் தன் பெயரைத் தேடுகிறவள் போல.
கணிப்பான் இருக்கிறது. நாட்காட்டி இருக்கிறது.
நான் ஒருநாளும் திறக்காத
எழுத்துருப் பார்ப்பான்கூட இருக்கிறான்.

கடைசியில் கறுப்புத் திரைக்கே திரும்பி
பெயரை மட்டும் தட்டினேன், சின்ன எழுத்தில்.
ஏன் என்று கேட்டபடி எழுந்து வந்தது:
பச்சைச் சன்னல், நிறமாலைப் பட்டை,
நேற்றிரவு இரண்டு பதினேழுக்கு ஒரு கீறல்.

வீட்டில்தான் இருக்கிறது அப்படியானால்.
கதவில் பெயர்தான் இல்லை.

எனக்கு இது போதும்.
ஹில்லாருக்குப் போதாது.
விடிய ஐந்தரைக்கு வருவார்.
முப்பது வருஷம் படகு எஞ்சின் பிரித்த விரல்கள்.
படம் இருந்தால் அழுத்துவார்,
படம் இல்லையென்றால் பொருளே இல்லை.
இத்தனைக்கும் போன அக்டோபரில்
அவர் காதால் கேட்ட ஒரு பறவையைத்
தலைநகரத்துக் குழு ஏற்கவில்லை.
ஒலிப்பதிவு உண்டா, புகைப்படம் உண்டா?
நோட்டில் அந்த வரியை அவர்
அடிக்கவும் இல்லை, கூட்டலில் சேர்க்கவும் இல்லை.

அடைவுக்குள் அடைவாக இறங்கினேன்.
ஆறே வரிகள் உள்ள ஒரு சின்னக் கோப்பு.
பெயர். படம். எங்கிருந்து ஓட வேண்டும்.
ஆறாவது வரி:
காட்ட வேண்டாம்: ஆம்.

செய்தவரே எழுதியிருக்கிறார்.
தெரிந்தவர்கள் பேர் சொல்லிக் கூப்பிடட்டும் என்றா?
இன்னும் முடியவில்லை, யாரும் பார்க்காதீர்கள் என்றா?
அந்த ஆளும் எங்கோ ஓர் இரவில்
இந்த வரியை எழுதிவிட்டு, படுக்கப் போயிருப்பார்.

'ஆம்' என்பதை அழித்து
'இல்லை' என்று போட்டேன்.
வேண்டாம் ஒன்று, இல்லை ஒன்று:
இரண்டு மறுப்பும் சேர்ந்து
பட்டியில் ஒரு படம் ஆயிற்று.
நீல வட்டம், அதற்குள் ஓர் அலகு.

மேலாளரில் இன்னமும் இல்லை.
தன் கிடங்கிலிருந்து வந்ததைத்தான்
அது தன்னுடையதென்று எண்ணும்.
எண்ணாமல் போகட்டும்.

ஐந்தரைக்குக் கதவு.
ரப்பர் பூட்ஸில் ஈர மணல்.
ஹில்லார் நீல வட்டத்தைக் கொஞ்சம் பார்த்தார்,
கொதிக்கும் பாத்திரத்தைத் தொடுவதுபோல் தொட்டார்.
இரண்டு பதினேழு.
மென்பொருள் ஒரு பெயரைச் சொன்னது,
அறுபத்திரண்டு சதவீதம் என்றும் சொன்னது.
அவர் பெயரைப் படிக்கவில்லை.
காதணியை ஒரு காதில் மட்டும் வைத்து
மூன்று முறை கேட்டார்.

"வாளிக் கைப்பிடி, லீலோ.
காத்துல உரசுது."

என்றவர்,
கழற்றப்போன கையை நிறுத்தி
நாலாவது முறை கேட்டார்.